அலுமினியமும் அண்டித்தோடும்

எனக்கு என் சகலை மேல் பொறாமை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெண்டாட்டியின் தங்கை புருஷன் மேல் பொறாமை இல்லாதவன் ஒன்று சாமியாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவனே அந்தச் சகலையாக இருக்க வேண்டும். நான் சுசீந்திரத்துக்காரன். மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் வாத்தியார். அவன் வளைகுடாவில் அலுமினியம் உருக்கும் ஆலையில் இன்ஜினியர். எங்கள் இருவருக்கும் பெண் கொடுத்த மாமா களியக்காவிளைப் பக்கம் வீட்டை ஒட்டியே அண்டி ஆபீஸ் நடத்துகிறார். அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. அதை ஆவியில் அவித்து, தோட்டை உடைத்து, தொலி உரித்துப் பருப்பாக்கி அனுப்பும் இடத்துக்கு எங்கள் மாவட்டத்தில் ஃபேக்டரி என்று பெயரில்லை, ஆபீஸ் என்றுதான் பெயர்.

பொறாமையின் கதையை மீனிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவன் லீவில் வரும் அன்றைக்கு மாமா விடியற்காலையிலேயே கடியப்பட்டணத்துக்கு ஆள் அனுப்பி நெய்மீன், அதாவது வஞ்சிரம், வாங்கி வைப்பார். நான் போனால் சாளை, மலிவான மத்தி. சாளை ருசியான மீன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நெய்மீன் வாங்கத் தெரிந்த வீட்டில் ஒருவனுக்குச் சாளை வைத்தால் அவனைப் பற்றி அந்த வீடு என்ன நினைக்கிறது என்று தெரிந்துவிடும். “உங்களுக்குச் சாளைன்னா உயிருல்லா” என்று சொல்லிக்கொண்டே மாமி எடுத்து வைப்பார். என் உயிர் அங்கே இருக்கிறது என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

அவனுக்கு “வாருங்க மாப்பிள்ளே.” எனக்கு “வந்தியா? இரி.” கல்யாணமான புதிதில் எனக்கும் ‘வாருங்க’ இருந்தது. எந்த வருஷம் அது தேய்ந்து ‘வந்தியா’ ஆனது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. மனைவியிடம் கேட்டால், “அது பாசம், உங்களுக்கு மனசிலாவாது” என்கிறாள். அப்படிப்பட்ட பாசத்தை அவன் மேலும் கொஞ்சம் காட்டலாமே என்றேன்.

இந்த நிலையில்தான் ஆபீசுக்குப் புகைப் பிரச்சினை வந்தது. முன்பெல்லாம் ஆபீசைச் சுற்றி ரப்பர் தோட்டம். புகை போனால் மரத்தோடு போயிற்று. இப்போது மரங்கள் போய் வீடுகள் வந்துவிட்டன. எல்லாம் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டிய இரண்டு மாடி வீடுகள், எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பெயின்ட். மாமாவின் பாய்லருக்கு விறகு அண்டித்தோடுதான். கொட்டையை உடைத்ததும் மிஞ்சுகிற ஓடு. அதில் ஒரு கறுத்த எண்ணெய் உண்டு, கையில் பட்டால் பொள்ளும், புகையாகப் போனால் கண்ணைக் கரிக்கும். வெள்ளைச் சுவர்களில் மஞ்சள் கோடு விழுந்தது. அக்கம்பக்கத்தார் முதலில் சிரித்துக்கொண்டு வந்து சொன்னார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்கள். பிறகு பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்தது. அடுத்த சீசனுக்குள் புகையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பாய்லரை நிறுத்த வேண்டும். பாய்லர் நின்றால் கொட்டையை அவிக்க முடியாது. அவிக்காவிட்டால் உடைக்க முடியாது. அங்கே உட்கார்ந்து உடைக்கிற பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மாமா உடனே போனை எடுத்து வளைகுடாவுக்குப் பேசினார். இங்கே, பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில், ஒரு வேதியியல் வாத்தியார் மருமகனாக இருக்கிறான். எரிவது, புகைவது, ஆவியாவது எல்லாம் அவன் தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சமாச்சாரம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு கடல் தாண்டி நெய் கேட்டார் மனுஷன். எனக்குச் செய்தியே மனைவி வழியாகத்தான் வந்தது.

கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. கொழுந்தியாள் தன் அக்காளிடம் சொல்லியிருக்கிறாள்: “அவிய ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காவ. அலுமினியத்துல இருந்து கேஸ் எடுத்து பாய்லர் எரிக்கதாம். இது மட்டும் சரியாச்சுன்னா அவிய திரும்பிப் போவாண்டாம், அப்பாக்க கூட ஆபீசுலயே நின்னுருவாவளாம்.” மனைவி கண் கலங்கி இதைச் சொன்னாள். தங்கை புருஷன் ஊரோடு வந்துவிடுவானே என்று அவளுக்குச் சந்தோஷம். எனக்குப் பயம். லீவுக்கு வந்து போகிறவனையே தாங்க முடியவில்லை. அவன் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தால் அந்த வீட்டில் நான் யார்?

அவன் கோடை விடுமுறையில் வந்தான். எனக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. ஆபீஸ் முற்றத்தில் அயினி மரத்தடியில் சோதனை நடந்தது. அலுமினியச் சன்னல் செய்கிற கடையிலிருந்து வெட்டி எறிந்த துண்டுகளை ஒரு சாக்கில் கொண்டுவந்திருந்தான். கனத்த பிளாஸ்டிக் கேனில் தண்ணீர், அதில் காஸ்டிக் சோடா, அதில் இந்தத் துண்டுகள். கேன் சூடாகி, உள்ளே நுரைத்துக்கொண்டு வந்தது. வாயில் மாட்டிய பலூன் எழுந்து நின்றது. பலூனை நூலில் கட்டி மேலே விட்டு, நீளக் கம்பில் தீ வைத்துத் தொட்டான். படார். கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கறுத்த கையோடு ஓடி வந்தார்கள். மாமா கை தட்டினார். எழுபது தாண்டிய மனுஷன், திருவிழாவில் வெடி பார்க்கிற பிள்ளை மாதிரி தட்டினார்.

பிறகு கேஸை மெல்லிய குழாய் வழியாக விட்டுக் கொளுத்தினான். சுவாலை கண்ணுக்குத் தெரியவில்லை. ஓர் ஈர்க்குச்சியை நீட்டியதும் அது பற்றிக்கொண்டது. மேலே ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தான். உள்ளே வேர்த்திருந்தது.

“புகை எங்க மாப்பிள்ளே?”

“புகை கெடயாது மாமா. எரிஞ்சா தண்ணிதான். வேற ஒண்ணுமில்ல.”

“கொள்ளாமே!” என்று மெச்சிக்கொண்டே மாமா அந்தத் தம்ளரை வாங்கி ஒவ்வொருவருக்கும் காட்டினார். எனக்கும் காட்டினார். ஹைட்ரஜனை எரித்தால் தண்ணீர் வரும் என்று எனக்கே காட்டினார்! நான் இதை வருஷா வருஷம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் துத்தநாகத்தையும் அமிலத்தையும் வைத்துச் செய்து காட்டுகிறவன். ஒரு தடவைகூட யாரும் கை தட்டியதில்லை. பின்வரிசையில் கொட்டாவி விடுவார்கள்.

மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன். நாகர்கோவிலில் மாறி, மார்த்தாண்டம் நெரிசலில் வேர்த்து, ஆபீஸ் போய்ச் சேரும்போது சாயா வேளை. மாமா, சகலை, மேஸ்திரி எல்லாரும் இருந்தார்கள். சாயாவைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்தேன்.

“மாமா, அந்த அலுமினியம் எங்க இருந்து வருது?”

“சன்னல் கடையில இருந்து.”

அங்கே பிடித்தேன். சன்னல் கடைக்கு வருவதற்கு முன்னால் அது மண். மண்ணில் அலுமினியம் ஆக்சிஜனை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்க ராத்திரி பகலாகக் கரண்ட் பாய்ச்ச வேண்டும். ஒரு ஊருக்கே விளக்கெரிகிற கரண்டைக் குடித்துவிட்டுத்தான் அந்த உலோகம் வெளியே வருகிறது. நாம் அதைக் காஸ்டிக் தண்ணீரில் போட்டால் மறுபடியும் ஆக்சிஜனிடமே ஓடிவிடுகிறது. ஓடுகிற வேகத்தில் தண்ணீரிலிருந்து பிய்த்துவிடுவதுதான் ஹைட்ரஜன். முதலில் குடித்த கரண்டில் நாலில் ஒரு பங்கு அந்த ஹைட்ரஜனில் இருந்தால் அதிகம். இன்னொரு பங்கு கேனைச் சூடாக்கிவிட்டு வீணாகப் போகிறது. அந்தக் காஸ்டிக்கும் உப்புத்தண்ணீரில் கரண்ட் விட்டு எடுத்ததுதான். “ஆனா அண்டித்தோட்டுக்கு யாரு கரண்ட் குடுத்தா? வெயில் குடுத்துது, மரம் வாங்கிச்சு. யாருக்கும் பில்லு வரல்ல” என்று முடித்துவிட்டு, நெஞ்சு நிமிர்த்தி ஒரு மடக்குச் சாயா குடித்தேன்.

சகலை கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்தான். சிரித்தால் கன்னத்தில் குழி வேறு விழும்.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? நம்ம கொட்டை எங்க உள்ளது?”

“ஆப்பிரிக்கா.”

“எதுல வருது?”

“கப்பல்ல.”

“தூத்துக்குடியில இருந்து?”

“லாரியில.”

“அந்தக் கப்பலுக்கும் லாரிக்கும் உள்ள டீசல் அண்ணனுக்க கணக்குல உண்டா?”

மேஸ்திரி முதலில் சிரித்தார். பிறகு மாமா. என் கணக்கில் அந்தக் கப்பல் இல்லை. ஏதோ தோடு எல்லாம் மாமா வீட்டுப் பின்புறத்து மரத்தில் காய்த்த மாதிரி பேசிவிட்டேன். அன்றைக்கு நான் மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் திரும்பினேன்.

பதில் எனக்குப் பஸ்ஸில்தான் தோன்றியது. பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் போய்ச் சொன்னேன்: கப்பல் வருவது பருப்புக்காக. தோடு அதோடு ஒட்டிக்கொண்டு ஓசியில் வருகிறது. டீசல் கணக்கைப் பருப்புதான் சுமக்க வேண்டும், தோடு சுமக்க வேண்டாம்.

“சரி அண்ணே, ஒத்துக்கிட்டேன்” என்றான். “அப்போ அலுமினியத்தை உருக்கினது சன்னலுக்காக்கும். வெட்டுத்துண்டு ஓசிதான். அதுக்கு மட்டும் கரண்ட் கணக்கு எதுக்கு?”

நான் எறிந்த கல்லையே எடுத்து என் மேல் எறிந்துவிட்டான். இன்றைக்கும் சொல்கிறேன், அவன் கேட்டது நியாயமான கேள்வி. மிச்சம் என்பதால் தோடு சும்மா என்றால், மிச்சம் என்பதால் துண்டும் சும்மாதான். அன்று முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தேன். என் தோல்வியைவிட, மாமா அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றதுதான் என்னைக் குடைந்தது. அந்தக் கை என் தோளில் விழுந்து எத்தனையோ காலம்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விடை வந்தது. மிச்சத்துக்கு வேறு பிழைப்பு உண்டா என்று கேட்க வேண்டும். சன்னல் துண்டைத் திரும்ப உருக்கினால் மறுபடியும் சன்னல் ஆகும். மண்ணிலிருந்து எடுக்கச் செலவாகும் கரண்டில் ஒரு துளிதான் அதற்கு வேண்டும். அதைக் கேனில் போட்டுக் கரைத்துவிட்டால், அந்தச் சன்னலுக்கு வேறு எவனோ ஒருவன் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு கரண்டையும் முதலிலிருந்து செலவழிக்க வேண்டும். தோட்டை எரித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதைச் சன்னல் ஆக்கப் போகிறவன் உலகத்தில் யாருமில்லை.

இதைச் சொன்னதும் அவன் கையிலிருந்த துண்டை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, “அண்ணன் சொல்லுகது சரிதான் மாமா. எங்க ஆலையிலயும் துண்டு துணுக்கு எல்லாத்தையும் ஒக்க திரும்ப உலையிலதான் போடுவோம், ஒண்ணையும் களைய மாட்டோம்” என்றான். எதிராளியின் வாதத்துக்கு அவனே சாட்சி சொன்னான். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அதற்காகவும் அவன் மேல் எரிச்சல் வந்தது.

ஆனால் மாமா அசையவில்லை. “கணக்கு ஒக்க இருக்கட்டு. பஞ்சாயத்துக்காரன் எங்கிட்ட கணக்கா கேட்டான்? புகையத்தான கேட்டான். மாப்பிள்ளைக்க தீயில புகை இல்ல. உனக்க தோட்டுல புகை உண்டு. அதுக்கு என்ன சொல்லுத?”

அதற்குப் பதில் தேடி அங்கேயே தங்கிவிட்டேன். பாய்லர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தோடு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்த்தேன். சாயங்காலம் வேலை முடிந்ததும், கடைசியாகக் கிளம்புகிற அக்கா ஒருத்தி ஹோஸை எடுத்தாள். குவித்துக் கிடந்த தோட்டின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினாள். அடியில் கசிகிற வரைக்கும் பீய்ச்சினாள்.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“தீ பிடிக்காம இருக்கதுக்கு. முதலாளி சொல்லியதாக்கும். நான் வேலைக்கு வந்த நாள்முதலே இப்படித்தான்.”

மாமாவிடம் கேட்டேன். என் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை தோட்டுக் குவியல் தீப்பிடித்து, கூரை போய்விட்டதாம். அன்றைக்குப் போட்ட உத்தரவு. அதற்குப் பிறகு கூரை தகரமாகிவிட்டது, சுவர் கட்டியாகிவிட்டது, பாய்லரும் மாறிவிட்டது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் தோட்டை நனைக்கிறார்கள், காலையில் அதே தோட்டை அள்ளி பாய்லரில் போடுகிறார்கள். தீக்கு முதல் வேலை நாம் ஊற்றிய தண்ணீரைக் கொதிக்க வைப்பது. அதற்கே சூடெல்லாம் போய்விடுகிறது. எண்ணெய் எரிவதற்குச் சூடு போதாமல், புகையாகக் கிளம்பி வெள்ளைச் சுவர்களைத் தேடிப் போகிறது. வெயில் சும்மா கொடுத்ததை மோட்டார் போட்டு நனைத்துக் கெடுத்துக்கொண்டிருந்தோம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த ஆபீசில் நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தோட்டை முற்றத்தில் பரப்பி வெயிலில் காய வைத்தோம். ஒரு பழைய டிரம்மில் போட்டுக் கொளுத்தினேன். புகை குறைந்தது, ஆனால் போகவில்லை. மாமாவின் முகத்தில் ‘இவ்வளவுதானா’ என்று எழுதியிருந்தது. சகலை குனிந்து டிரம்மின் அடியைப் பார்த்தான்.

“அண்ணே, காத்து பத்தாது. எண்ணெய்க்குக் காத்து கூடுதல் வேணும்.”

அவனே போய் ஒரு சின்ன புளோயர் வாங்கி வந்தான். டிரம்மில் துளை போட்டு, குழாய் இறக்கி, காற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தான். புகை வெளுத்தது. பிறகு மெலிந்தது. பிறகு டிரம்முக்கு மேலே காற்று மட்டும் நடுங்கியது. இது சரியாக வந்தால் தனக்கு இங்கே வேலையில்லை, திரும்பிப் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தியாளுக்கும் தெரியும். தெரிந்தே கடைசித் துளையையும் ஒழுங்காகப் போட்டான்.

“மாப்பிள்ளைக்க கைப்பாங்கு!” என்றார் மாமா.

தண்ணீரைக் கண்டுபிடித்தவன் நான். கேட்க ஆளில்லை.

அப்புறம் எல்லாம் தானாக நடந்தது. பாய்லருக்குப் புளோயர் வைத்தார்கள். தோட்டுக்குத் தனிக் கொட்டகை, பாய்லரிலிருந்து தள்ளி. ஹோஸ் சுருட்டித் தொங்கவிடப்பட்டது. அலுமினியத் துண்டுச் சாக்கு சன்னல் கடைக்கே திரும்பிப் போயிற்று. அவனுடைய லீவு முடிந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நானும் போனேன், போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. கொழுந்தியாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. “உங்களுக்கு ஜெயிச்சாச்சுலா?” என்று மனைவி காதோடு கேட்டாள். அவன் என் கையைப் பிடித்து, “மழைக்காலத்துல தோடு நனையாம பாத்துக்கிடுங்க அண்ணே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

புது சீசன் தொடங்கி பாய்லர் எரிந்தது. புகைக்குழலில் ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்தார் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பஞ்சாயத்துக்காரரும் தலையாட்டினார். அன்று சாயங்காலம் மாமா எனக்கு போன் செய்தார். அவராகவே எனக்கு போன் செய்தது அபூர்வம். “உடனே வா” என்றார். பஸ்ஸில் உட்கார்ந்து அவர் என்னென்ன சொல்வார் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அடக்கமாக என்ன பதில் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா முற்றத்தில் நின்றிருந்தார். கையில் போன், வீடியோவில் சகலை. ஆரஞ்சு நிற வேலை உடுப்பு, நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தடம். முகம் இளைத்திருந்தது.

“எனக்க கை விறைக்குது, படம் ஆடுகாம். இந்தா, நீ பிடி” என்று போனை என்னிடம் கொடுத்தார்.

பிடித்தேன். மாமா போனைப் பார்த்துப் பேசினார். “பாத்தீங்களா மாப்பிள்ளே, பொட்டுப் புகை இல்ல. இதை இங்க நின்னு பாக்காண்டாமா நீங்க? நீங்க போன பொறவு ஆபீசுக்கு வரவே மனசில்ல, கேட்டீங்களா.” தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணனுக்க வேலையாக்கும் மாமா இது” என்றான் அவன், அங்கிருந்து.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. அவன் திரும்பிப் போனால் நான் முன்னால் வருவேன் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அவன் போனதும் வீடு முழுக்க அவனே நிறைந்துவிட்டான். ஒருவனுக்காக இப்படிக் கண் துடைக்க வேண்டுமென்றால் அவன் தொலைவில் இருக்க வேண்டும். பஸ்ஸில் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிற எனக்காக அந்தத் துண்டு ஒருநாளும் எழும்பப் போவதில்லை.

“கொஞ்சம் மேல பிடி” என்றார் மாமா என்னிடம். “அவருக்குக் குழல் முழுசும் தெரியட்டு.”

நான் கையை உயர்த்திப் பிடித்தேன்.